கருணையின் கணக்குப் புத்தகம்

ஒரு வாழ்த்துக் கவிதைக்காக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த இதழின் தலையங்கம் எழுதும் முறை என்னுடையது என்பதால் அதிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம், எந்த ஊருக்குப் போனாலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் ஊழியர்களுக்குத் 'தொற்றுத் தடுப்புத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி' நடத்தக் கொடையாளர் ஒருவர் பணம் கொடுத்திருந்தார். தொடக்க விழாவுக்கு எங்கள் கிளைக்கும் அழைப்பு. "நீதான் கவிதையெல்லாம் எழுதறியேப்பா, நாலு வரி எழுதிப் படிச்சிடு" என்றார் மேலாளர். எழுதினேன். வெள்ளை உடை, அணையா விளக்கு, தாய்மை, தியாகம் என்று வாழ்த்துக் கவிதைக்கு வேண்டிய சரக்கு எல்லாம் அதில் இருந்தது. படித்தேன், கை தட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை. வங்கிக்கு விடுமுறை. குளிரூட்டிய அரங்கில் அறுபது நாற்காலி. முன்வரிசையில் டாக்டர்கள், அடுத்து நர்சுகள், அதற்கடுத்து லேப், எக்ஸ்ரே ஆட்கள். திரையில் நாலு வாளியின் படம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம். ரத்தம் பட்ட பஞ்சும் அறுத்தெடுத்த உடல் பகுதியும் மஞ்சளுக்கு. குளுக்கோஸ் டியூபு, ஊசி கழற்றிய சிரிஞ்சு சிவப்புக்கு. ஊசியும் பிளேடும் குத்தினால் துளையாத வெள்ளை டப்பாவுக்கு. கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு. பேசியவர் நன்றாகத்தான் பேசினார், ஆனால் ஆங்கிலத்தில்.

நான் கடைசி வரிசை. எனக்குப் பின்னால் கதவோரம் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் தட்டு எடுக்க வந்தவர்கள். அந்த நாலு வாளியையும் தினம் கையால் தூக்குகிறவர்கள் அந்த அரங்கில் அவர்கள் மட்டும்தான். அவர்களுக்கு நாற்காலி இல்லை. ஒரு அக்கா, ஐம்பது வயதிருக்கும், குனிந்து என் காதருகே சொன்னார்:

"தம்பி, மஞ்சப் பை தீந்துபோச்சின்னா இன்னா பண்றதுன்னு கேளு தம்பி. மாசக் கடைசில மஞ்சப் பையே இருக்கறதில்ல. செவப்புலதான் போட்டுக் கட்றோம். ஊசி டப்பா ரொம்பி வழியுது. அதக் கேளு."

தோழர்களே, நான் கேட்கவில்லை. தோளில் பொன்னாடை இருந்தது. பக்கத்தில் மேலாளர் இருந்தார். "அப்புறமா கேக்கறன்க்கா" என்றேன். அந்த அப்புறம் அன்றைக்கு வரவில்லை. இந்தத் தலையங்கம்தான் அந்த அப்புறம்.

*

இதை நான் கேட்காமல் விட்டதற்கு எனக்கு இருந்த உரிமை மற்றவர்களைவிடக் குறைவு. என் அம்மா ஒரு மருத்துவமனையில் வார்டு ஆயாவாக இருந்தவள். பெயர்தான் ஆயா. பெருக்குவது, துடைப்பது, மலச்சட்டி எடுப்பது, ரத்தத் துணி அலசுவது, பிணத்தைத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் அவள்தான். எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஒன்பது பேர் அங்கே வேலைக்குப் போனார்கள். ஊர்த் தெருவிலிருந்து அந்த வேலைக்கு ஒருவர்கூடப் போனதை நான் பார்த்ததில்லை. சாதிச் சான்றிதழ் கேட்காமலேயே நூறு சதவீதம் நமக்கு ஒதுக்கப்பட்ட வேலை இது. இந்த ஒதுக்கீட்டை எதிர்த்து மட்டும் இதுவரை யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.

2011ல் குப்பைப் பை கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி அவள் விரலில் ஏறியது. அவள் விரலை வாயில் வைத்துச் சப்பினாள். நாம் எல்லோரும் செய்வோம், முள் குத்தினால் அப்படித்தானே செய்கிறோம். அது கூடாது, பிதுக்கவும் கூடாது, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று பதினைந்து வருடத்தில் ஒருத்தரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னாள். "பாத்து வேல செய்யத் தெரியாதா?" என்பதுதான் கிடைத்த முதலுதவி.

மூன்று மாதம் கழித்து மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். ரத்தம் சோதித்ததில் ஹெபடைடிஸ் பி என்று வந்தது. பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உடம்பே அதை வென்றுவிடும் என்பது பிறகு தெரிந்துகொண்ட விஷயம். அம்மா பிழைத்தாள். ஆனால் படுத்துக்கிடந்த மூன்று மாதமும் சம்பளம் இல்லை, எழுந்தபோது வேலையும் இல்லை. நான் அப்போது கல்லூரியில். அந்த வருடப் பரீட்சைக் கட்டணத்தை அவள் தோட்டை அடகு வைத்துக் கட்டினோம்.

இதில் என்னை இன்றைக்கும் எரிக்கிற கணக்கு ஒன்று உண்டு. அந்த நோய்க்குத் தடுப்பூசி இருந்தது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. மூன்றே ஊசி. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தவரை விலை அதிகம் என்றார்கள். 1997ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. அதற்குப் பதினான்கு வருடம் கழித்துதான் என் அம்மாவுக்கு ஊசி குத்தியது. தடுப்பூசி போடாதவரை, கிருமியுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் 100ல் 6லிருந்து 30 பேர்வரை தொற்றலாம் என்கிறது மருத்துவம். எச்.ஐ.வி. என்றால் 1000ல் 3. அதற்கும் மருந்து உண்டு. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித் தெரிந்திருப்பதற்குப் பெயர்தான் பயிற்சி. தெரியாமல் போனால் போவது உயிர்.

*

தர்மப் பணத்தில் மருத்துவமனை ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பது புதிய சங்கதி இல்லை. 1855ல் கிரிமியா யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது லண்டனில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் நிதி திரட்டினார்கள். சிப்பாய்கள் ஒரு நாள் கூலியைக் கொடுத்தார்கள். 44,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில் 1860ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்சுப் பள்ளி தொடங்கினார்கள். அதுவரை 'இழிந்த வேலை' என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒரு வேலை, படித்துச் செய்யும் தொழிலாக மாறியது. பயிற்சிக்கு அந்த வல்லமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

நம் வேலூரிலும் நடந்தது. ஐடா ஸ்கடருக்கு நியூயார்க்கில் ஒரு வங்கிக்காரர், ஷெல் என்பவர், இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902ல் அந்த அம்மையார் பெயரில் ஆஸ்பத்திரி எழுந்தது. 1909ல் நர்சுகளுக்கும் 1918ல் பெண் மருத்துவர்களுக்கும் பயிற்சி தொடங்கியது. மிஷன் ஆஸ்பத்திரிகளின் நர்சுப் பள்ளி வழியாகச் சேரியை விட்டு வெளியேறிய பெண்கள் உண்டு. என் பெரியம்மா ஒருவர் அப்படிப் போனவர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் நான் மணி பார்க்கக் கற்றேன். நன்றி மறப்பது நம் வழக்கமில்லை.

ஆனால் அதே காலத்து இன்னொரு நிதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1885ல் டஃப்ரின் சீமாட்டி பெயரில் இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர், நர்சு, மருத்துவச்சிகளைத் தயார் செய்யப் பெரிய நிதி தொடங்கினார்கள். 1903ல் கர்சன் பிரபுவின் மனைவி, விக்டோரியா ராணியின் நினைவாக இன்னொன்று தொடங்கினார். அது குறிப்பாகப் பரம்பரை மருத்துவச்சிகளுக்கான பயிற்சி நிதி. யார் அந்த மருத்துவச்சிகள்? பிள்ளைப்பேறு தீட்டு, தொப்புள்கொடி அறுப்பது தீட்டு, நச்சுக்கொடி புதைப்பது தீட்டு என்று சாதி ஒதுக்கித் தள்ளிய வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள். வடக்கே பெரும்பாலும் சமார் பெண்கள், இங்கே அம்பட்டர் வீட்டுப் பெண்கள். நிதி அவர்களைத் தேடி வந்தது. கூடவே ஒரு தீர்ப்பும் வந்தது: அழுக்கானவள், அறியாதவள், தாய் சாவதற்கும் சேய் சாவதற்கும் இவளே காரணம். அவள் வீட்டில் தண்ணீர் ஏன் இல்லை, பிரசவம் பார்க்க அவளை ஏன் வீட்டின் மூலை இருட்டுக்குள் தள்ளினார்கள், அவளுக்குக் கொடுத்த கூலி என்ன என்பதெல்லாம் அந்தத் தீர்ப்புக்குள் வரவில்லை. சாதி அவளுக்குச் செய்ததை அவள் குணமாக எழுதி, அந்தக் குணத்தைத் திருத்தப் பணம் கொடுத்தார்கள்.

இதே காலத்தில், 1897ல், புனேயில் கொள்ளைநோய். சாவித்ரிபாய் புலேயும் வளர்ப்பு மகன் யஷ்வந்த்தும் ஊருக்கு வெளியே ஒரு மருத்துவ முகாம் நடத்தினார்கள். நோய் கண்ட ஒரு மகர் சிறுவனைத் தோளில் சுமந்து வந்தபோது சாவித்ரிபாய்க்கும் தொற்றி, அந்த மார்ச் 10ந் தேதி இறந்துபோனார். அதற்கும் தொண்டு என்றுதான் பெயர். அந்தத் தோளுக்கும் எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கும் உள்ள தூரத்தை நான் அளந்து பார்க்கிறேன்.

*

அண்ணல் அம்பேத்கர் இதை 1932லேயே பேசியிருக்கிறார். தீண்டாமை ஒழிப்புக்கென்று காந்தியார் அமைத்த சங்கம், பிறகு ஹரிஜன சேவக சங்கம் என்று பெயர் மாறியது. அதன் செயலாளர் தக்கருக்கு அந்த நவம்பரில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார் அண்ணல். அதன் சாரம் இது. ஒருவன் கீழே கிடப்பதற்கு அவனுடைய சொந்தக் குறைதான் காரணம் என்று நினைத்தால் அவனைத் திருத்தும் வேலைகளில் பணம் போகும். சூழல்தான் காரணம் என்று நினைத்தால் சூழலை மாற்றும் வேலைகளில் போகும். நீங்கள் இரண்டாவதைச் செய்யுங்கள், குடி உரிமைக்காகவும் சம வாய்ப்புக்காகவும் செலவிடுங்கள், வேலை செய்கிறவர்களையும் ஒடுக்கப்பட்டவர்களிலிருந்தே எடுங்கள் என்றார். அவர்கள் கேட்கவில்லை. அவர் விலகினார்.

இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய பயிற்சி அரங்கைப் பாருங்கள். 'விழிப்புணர்வு' என்ற சொல் எத்தனை முறை வருகிறது! கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று ஏழு படம். கழுவ வேண்டிய குழாயில் தண்ணீர் வருகிறதா என்ற கேள்வி இல்லை. எந்தக் குப்பை எந்தப் பையில் என்று நாலு நிறம். பை இருக்கிறதா என்ற கேள்வி இல்லை. அந்த அக்காவுக்கு விழிப்புணர்வு குறைவு என்றா சொல்கிறீர்கள்? அரங்கில் இருந்த அறுபது பேரில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. அவருக்கு இல்லாதது அறிவு இல்லை. மஞ்சள் பையும், வாய் திறக்க ஒரு நாற்காலியும்தான்.

*

இனி சட்டம். 2016 மார்ச்சில் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் புதிதாக வந்தன. என் அம்மாவுக்குப் பயன்படாத சட்டம், அந்த அக்காவுக்குப் பயன்பட வேண்டிய சட்டம். கழிவைக் கையாளும் எல்லோருக்கும் வேலையில் சேரும்போது பயிற்சி, பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது பயிற்சி. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி. சேரும்போதும் வருடந்தோறும் உடல் பரிசோதனை. கையுறை, முகமூடி முதலான பாதுகாப்புச் சாதனங்கள். இவை மருத்துவமனையின் கடமை என்று எழுதியிருக்கிறது. 'பணியாளர்களுக்கும் கழிவைக் கையாளும் மற்றவர்களுக்கும்' என்று சேர்த்தே சொல்கிறது. ஆகவே "அவங்க காண்ட்ராக்ட் ஆளுங்க சார்" என்று கை கழுவ முடியாது.

ஒரு குமாஸ்தாவாக எனக்குப் பிடித்தது அந்த விதிகளோடு இருக்கும் படிவம் 4. ஒவ்வொரு மருத்துவமனையும் வருடா வருடம் ஜூன் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நிரப்பி அனுப்ப வேண்டும். எத்தனை பயிற்சி நடந்தது, எத்தனை பேர் பெற்றார்கள், வேலையில் சேரும்போதே பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, இதுவரை எந்தப் பயிற்சியும் பெறாதவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்கிறது. அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நம் தெரு இருக்கிறது.

இப்போது என் கேள்வி. சட்டப்படி மருத்துவமனை தன் காசில் செய்தே ஆக வேண்டியதைக் கொடையாளர் காசில் செய்து, அதற்கு விழா எடுத்து, விளக்கேற்றி, கவிதையும் படித்தால் அதன் பெயர் தர்மமா? கடன்காரன் கடனை வேறொருவன் அடைத்தால் லாபம் யாருக்கு என்று எங்கள் கவுண்டரில் நிற்கிற எந்தக் கிழவிக்கும் தெரியும்.

பணம் இல்லாமல் இல்லை. 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். மருத்துவமும் துப்புரவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் கம்பெனிக்குப் புகைப்படம் வேண்டும். சக்கர நாற்காலியில் பெயர் எழுதலாம், ஸ்கேன் மெஷினில் எழுதலாம். ஒரு துப்புரவுப் பெண்ணின் கையில் போட்ட தடுப்பூசியின்மேல் எங்கே எழுதுவது? வெளிநாட்டுப் பணமோ 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளை வழியாகத்தான் வரலாம். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. அதனால் மாவட்டத்தில், தெருவில் வேலை செய்கிற சின்னச் சங்கத்துக்கு அந்தப் பணம் இறங்கி வருகிற வழி அடைபட்டது. பணம் மேலேயே நிற்கிறது. மேலே உள்ளவர்கள் மேலே உள்ளவர்களுக்கே பயிற்சி கொடுத்துக்கொள்கிறார்கள்.

"கொடுக்கிறதையும் கெடுக்காதீங்க. நர்சுக்கும் டாக்டருக்கும் பயிற்சி வேண்டாமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டும். அம்மாவின் விரலைப் பார்த்து முதலில் பதறியது ஒரு நர்சுதான். அந்தச் சகோதரிக்கும் பன்னிரண்டு மணி நேர வேலை, அற்பச் சம்பளம். ஊசியை மூடி போடாமல் அப்படியே வெள்ளை டப்பாவில் போட அவருக்குக் கற்றுத்தந்தால்தான் கீழே பை கட்டுகிறவளின் விரல் தப்பும். ஆகவே பயிற்சியை எதிர்க்கவில்லை, பணத்தையும் மறுக்கவில்லை. அந்தப் பணத்துக்கு நிபந்தனை போடும் உரிமை நமக்கு உண்டு என்கிறேன்.

முதல் நாற்காலி கழிவைத் தொடுகிறவருக்கு. வகுப்பு தமிழில், வேலை நேரத்தில், கூலி பிடிக்காமல். வேலைக்கு வரும் முதல் நாளே முதல் தடுப்பூசி. மூன்றும் போட்ட அட்டை அவர் கையில் இருக்க வேண்டும், சூப்பர்வைசர் பீரோவில் அல்ல. பயிற்சிச் சான்றிதழ் சம்பளத்திலும் பதவியிலும் ஒரு படி ஏற்றாவிட்டால் அது வெறும் காகிதம்; துடைப்பத்தோடு உள்ளே போனவள் உதவி நர்சாகவோ லேப் உதவியாளராகவோ வெளியே வர வழி வேண்டும், தர்மப் பணம் அங்கே போகட்டும். அது சட்டம் செய்யாத வேலை. சட்டம் செய்யச் சொன்ன வேலையை மருத்துவமனை தன் காசில் செய்யட்டும். 30 படுக்கையும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனைகளில் கழிவு மேலாண்மையைப் பரிசீலிக்க ஒரு குழு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும் என்கிறது விதி. அந்தக் குழுவில் மஞ்சள் பையைக் கேட்ட அக்கா உட்கார வேண்டும். தட்டு எடுக்க அல்ல.

வாசகத் தோழர்களுக்கு ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் உங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றின் படிவம் 4ஐ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். பயிற்சி பெறாதவர் எத்தனை பேர் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த மருத்துவமனையின் பின்வாசலுக்குப் போய், பை கட்டுகிறவர்களிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு பதிலையும் நமக்கு எழுதி அனுப்புங்கள். வந்தவரை அடுத்த இதழில் பக்கத்துக்குப் பக்கம் வைத்து அச்சிடுவோம். மனு எழுதத் தெரியாதவர்கள் தெரிவித்தால் நானே எழுதித் தருகிறேன். வாழ்த்துக் கவிதை எழுதிய கை அந்த வேலையாவது செய்யட்டும்.

இதை எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "எல்லாஞ் செரி, அந்தப் பொம்பளைக்கு இன்னா பதிலு சொன்ன?" என்றாள். வரும் திங்கட்கிழமை மருத்துவமனை நிர்வாகத்துக்கு அந்தக் கேள்வியை எழுத்தில் கொடுக்கப்போகிறேன், என் பெயரில், கையெழுத்துப் போட்டு.